பூமிக்கு இருக்கும் காந்தம் வெள்ளிக்கு ஏன் இல்லை?

“அது பாடத்தில வராது மா. இப்ப அடுத்த கேள்வியைப் பார்ப்போம்.”

துணைப்பாட வகுப்பில் நான் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. சில வாரங்களுக்கு முன்பு, சொல்லியிருக்கக் கூடாத ஓர் இடத்தில் அதைச் சொல்லிவிட்டேன்.

நான் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சனிக்கிழமை காலைகளில் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் நடக்கும் துணைப்பாட வகுப்பில், உயர்நிலை மாணவர்களுக்கு அறிவியல் சொல்லித்தரும் தொண்டூழியர்களில் நானும் ஒருத்தி. அன்றைய பாடம் காந்தவியல். திசைகாட்டி, இரும்புத்தூள், சட்டக்காந்தம் எல்லாம் மேசைமேல் பரப்பியிருந்தன.

“மத்த கிரகங்களுக்கும் காந்தம் இருக்கா அக்கா?” என்று ஒரு மாணவர் கேட்டார். எனக்கு உற்சாகமாகிவிட்டது. பாறையால் ஆன கிரகங்கள் நான்கு: புதன், வெள்ளி, பூமி, செவ்வாய். இவற்றில் பூமிக்கும் புதனுக்கும் கோள் முழுவதையும் சூழ்ந்த காந்தப்புலம் உண்டு. வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் இல்லை. “வெள்ளி தன்னைத்தானே ஒரு தடவை சுத்த 243 நாள் எடுக்குது. அவ்வளவு மெதுவா சுத்தினா காந்தம் உண்டாகாது,” என்று விளக்கினேன்.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவி. அதிகம் பேசாதவர்.

“அக்கா, புதனும் மெதுவாத்தானே சுத்துது? அதுக்கு 59 நாள்னு போன வாரம் நீங்கதான் சொன்னீங்க. அப்புறம் அதுக்கு மட்டும் எப்படி?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. மேலே எழுதிய அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் “சாரி அக்கா” என்று சொல்லிவிட்டு, குறிப்பேட்டில் எழுதியிருந்த கேள்வியை அழிப்பானால் அழித்தார்.

வீட்டுக்குப் போகும் ரயிலில் அந்த அழிப்பான்தான் நினைவில் இருந்தது. சரியான கேள்வியைக் கேட்டவர் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். தவறான பதிலைச் சொன்னவள் கெட்டிக்காரியாகத் தோன்றியிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமைக்குள் உண்மையான பதிலைக் கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன்.

உள்ளே இருப்பது காந்தக்கல் அல்ல

நம்மில் பலர் பூமிக்குள் ஒரு பெரிய சட்டக்காந்தம் புதைந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறோம். பாடநூல் படங்களும் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் அது முடியாத காரியம். இரும்பை 770 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அது நிலைக்காந்தமாக இருக்கும் தன்மையை இழந்துவிடும். பூமியின் கரு பெரும்பாலும் இரும்பால் ஆனது. அங்கே வெப்பநிலை பல ஆயிரம் டிகிரி.

வேறொரு சான்றும் உண்டு. பூமியின் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கிறது. லண்டனில் 1580இல் திசைகாட்டியின் முள் உண்மையான வடக்கிலிருந்து சுமார் 11 டிகிரி கிழக்கே விலகி நின்றது. 1820ஆம் ஆண்டு வாக்கில் அதே நகரத்தில் அது சுமார் 24 டிகிரி மேற்கே விலகியிருந்தது. அசையாத காந்தக்கல் இப்படி மாறாது. உள்ளே ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள்.

இந்த மாற்றத்தை உலகெங்கும் அளக்கும் பெருமுயற்சி ஒன்று 19ஆம் நூற்றாண்டில் நடந்தது. அதில் சிங்கப்பூருக்கும் பங்கு உண்டு என்பது எனக்கு இந்தத் தேடலில்தான் தெரியவந்தது. காந்தப்புலத்தின் பெரும்பகுதி பூமிக்கு உள்ளிருந்தே வருகிறது என்று ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1839இல் கணக்கிட்டுக் காட்டினார். ஏறக்குறைய அதே காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்த பல இடங்களில் காந்த ஆய்வுக்கூடங்கள் அமைக்கப்பட்டன. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை, பம்பாய், சிம்லா ஆகிய இடங்களோடு சிங்கப்பூரையும் தேர்ந்தெடுத்தது. சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த சார்ல்ஸ் மார்கன் எலியட் என்ற இளம் அதிகாரி, 1841 முதல் 1845 வரை இங்கே காந்த முள்ளின் அசைவுகளைத் தொடர்ந்து பதிவு செய்தார். பிறகு 1846 முதல் 1849 வரை இந்த வட்டாரத்தின் தீவுகளுக்குச் சென்று அளவெடுத்தார். சிங்கப்பூரில் எடுத்த அளவுகள் பின்னர் சென்னையில் நூலாக அச்சாயின.

ராஃபிள்ஸ் வந்திறங்கி 22 ஆண்டுகளே ஆகியிருந்த ஊரில், பூமியின் ஆழத்தில் என்ன நடக்கிறது என்று அறிய ஒருவர் நாள்தோறும் ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். “பாடத்தில் வராது” என்று அவர் நினைக்கவில்லை!

காந்தத்தை உண்டாக்கும் டைனமோ

உள்ளே ஓடுவது எது? உருகிய இரும்பு.

நம் காலடியிலிருந்து சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் பாறை அடுக்கு முடிந்து இரும்புக் கரு தொடங்குகிறது. கருவின் வெளிப்பகுதி திரவம். அதன் நடுவே, 1,220 கிலோமீட்டர் ஆரமுள்ள திட உருண்டை ஒன்று இருக்கிறது. நிலநடுக்க அலைகளை ஆராய்ந்து 1936இல் அதைக் கண்டறிந்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் என்ற பெண் விஞ்ஞானி.

மின்சாரத்தைக் கடத்தும் ஒரு பொருள் காந்தப்புலத்துக்குள் நகர்ந்தால் அதில் மின்னோட்டம் பிறக்கும். இது ஃபாரடே கண்டறிந்தது. உயர்நிலைப் பாடத்திலும் இருக்கிறது. மின்னோட்டம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். இதுவும் பாடத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஏற்கெனவே உள்ள சிறு காந்தப்புலத்தில் உருகிய இரும்பு நகர்கிறது; மின்னோட்டம் பிறக்கிறது; அது புதிய காந்தப்புலத்தை உண்டாக்குகிறது; அந்தப் புலத்தில் இரும்பு மீண்டும் நகர்கிறது. இப்படித் தன்னைத் தானே ஊட்டி வளர்க்கும் டைனமோ இது. இந்தக் கருத்தை ஜோசப் லார்மர் 1919இல் முன்வைத்தார்.

மிதிவண்டி டைனமோவை நினைத்துக்கொள்ளுங்கள். மிதிப்பதை நிறுத்தினால் விளக்கு அணைந்துவிடும். பூமியின் கருவில் ஓட்டம் நின்றால் காந்தப்புலம் உடனே மறையாது; ஆனால் சில பத்தாயிரம் ஆண்டுகளில் தேய்ந்துவிடும். பூமிக்கோ 300 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் காந்தப்புலம் இருந்து வருவதற்குப் பழம்பாறைகளில் சான்று இருக்கிறது. அத்தனை காலமும் ஏதோ ஒன்று விடாமல் மிதித்துக்கொண்டிருக்கிறது.

மிதிப்பது எது என்பதுதான் அந்த மாணவியின் கேள்விக்கான திறவுகோல்.

தே கடையில் கிடைத்த விடை

தேக்கா நிலையத்தில் தே வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு இது தெளிவாகப் புரிந்தது.

கண்ணாடிக் குவளையில் ஊற்றிய சூடான தேயை உற்றுப் பாருங்கள். மேற்பரப்பு காற்று பட்டு ஆறுகிறது. ஆறிய திரவம் கனத்துக் கீழே இறங்குகிறது. கீழே உள்ள சூடான திரவம் மேலே வருகிறது. இதுதான் வெப்பச்சலனம். அதே தேயை நல்ல ஃபிளாஸ்கில் ஊற்றி மூடிவிட்டால்? உள்ளே அது இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. ஆனால் வெப்பம் வெளியே போக வழியில்லை. எங்கும் ஒரே சூடு என்பதால் மேலும் கீழும் ஓட வேண்டிய அவசியமும் இல்லை. ஓட்டம் அடங்கிவிடுகிறது.

ஆக, உள்ளே எவ்வளவு சூடு இருக்கிறது என்பது முக்கியமன்று. அந்தச் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியே கொடுக்க முடிகிறது என்பதே முக்கியம். கிரகத்தின் காந்தப்புலம் அதன் வெப்பத்தில் வாழவில்லை. வெப்பத்தை இழப்பதில் வாழ்கிறது.

இந்த ஒரு கருத்தை வைத்துக்கொண்டு நான்கு கிரகங்களையும் பார்த்தேன்.

பூமி: நம் கிரகத்தின் மேலோடு பல தட்டுகளாகப் பிரிந்து நகர்கிறது. குளிர்ந்த தட்டுகள் ஒன்றின் கீழ் ஒன்று சரிந்து ஆழத்துக்குள் இறங்குகின்றன. நமக்கு அருகில் சுமத்ராவின் கடலடியில் நடப்பது அதுவே. அங்கே ஏற்படும் பெரும் நிலநடுக்கங்களுக்கும் அதுவே காரணம். இறங்கும் தட்டுகள் பாறை அடுக்கைக் குளிர்விக்கின்றன. அதனால் கருவின் வெப்பம் தொடர்ந்து வெளியேறுகிறது, இரும்பு ஓடுகிறது. இன்னொரு உதவியும் கிடைக்கிறது. கரு ஆற ஆற, நடுவில் உள்ள திட உருண்டை மெல்ல வளர்கிறது. உப்புநீர் உறையும்போது உப்பு பனிக்கட்டிக்கு வெளியே தள்ளப்படுவதைப் போல, இரும்பு உறையும்போது அதில் கலந்துள்ள லேசான தனிமங்கள் வெளியே தள்ளப்படுகின்றன. அவை மேலே எழும்போது திரவம் இன்னும் நன்றாகக் கலக்கப்படுகிறது.

வெள்ளி: அளவில் ஏறக்குறைய பூமியின் இரட்டை. ஆரம் 6,052 கிலோமீட்டர், பூமிக்கு 6,371. ஆனால் 1962இல் அருகே சென்ற மரைனர் 2 விண்கலம் அங்கே காந்தப்புலத்தைக் காணவில்லை. பிறகு சென்ற விண்கலங்களும் அதையே உறுதிப்படுத்தின. வெள்ளியில் பூமியைப் போல் நகரும் தட்டுகள் இல்லை. மேற்பரப்பிலேயே வெப்பம் சுமார் 465 டிகிரி செல்சியஸ். மூடிபோட்ட ஃபிளாஸ்கைப் போன்ற கிரகம் அது. கரு சூடாக இருந்தாலும் அந்தச் சூட்டை வேகமாகக் கொடுக்க முடியவில்லை என்பதே ஆய்வாளர்கள் அதிகம் ஏற்கும் விளக்கம். வெள்ளி உருவானபோது, நம் நிலாவை உண்டாக்கியதைப் போன்ற பெரிய மோதல் நடக்காததால், அதன் கரு கலங்காமல் அடுக்கடுக்காகவே தங்கிவிட்டது என்ற மாற்றுக் கருத்தும் உண்டு. இரண்டு விளக்கங்களிலும் முடிவு ஒன்றுதான்: திரவம் இருக்கிறது, ஓட்டம் இல்லை.

செவ்வாய்: “சிறிய கிரகம், கரு உறைந்துபோனது, அதனால் காந்தம் போனது” என்று நான் படித்திருந்தேன். அதுவும் சரியில்லை. 2018இல் தரையிறங்கிய இன்சைட் விண்கலம் செவ்வாயின் நடுக்கங்களைப் பதிவு செய்தது. செவ்வாயின் ஆரத்தில் ஏறக்குறைய பாதியளவு இருக்கும் அதன் கரு, பெரும்பாலும் திரவமாகவே இருப்பது அதிலிருந்து தெரியவந்தது. முன்பு அங்கே காந்தப்புலம் இருந்திருக்கிறது. 1997இல் செவ்வாயை அடைந்த மார்ஸ் குளோபல் சர்வேயர், அதன் தென்பகுதிப் பழம்பாறைகளில் வலுவான காந்தம் பதிந்திருப்பதைக் கண்டறிந்தது. ஆனால் பழங்கால மோதல்களால் உருவான பெரும்பள்ளங்களில் அந்தத் தடயம் காணப்படவில்லை. இளமையில் செவ்வாயின் கரு வேகமாக ஆறியது, டைனமோ ஓடியது. பிறகு ஆறும் வேகம் குறைந்தது. ஏறக்குறைய 400 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனமோ நின்றது. சற்றுப் பிந்தியும் ஓடியிருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன.

புதன்: நிலாவைவிடச் சற்றே பெரியது. இவ்வளவு சிறிய கிரகம் எப்போதோ ஆறி உறைந்திருக்கும் என்றுதான் அறிவியலாளர்கள் எதிர்பார்த்தனர். 1974இல் மரைனர் 10 அங்கே காந்தப்புலத்தைக் கண்டது பெரிய வியப்பு. அதன் வலிமை பூமியின் புலத்தில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான். ஆனாலும் அது உயிருள்ள டைனமோ. புதனின் ஆரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இரும்புக் கருதான். மேலே மெல்லிய பாறை அடுக்கு மட்டுமே. கருவில் கலந்துள்ள லேசான தனிமங்கள் இரும்பின் உருகுநிலையைக் குறைப்பதால், அதன் ஒரு பகுதி இன்னும் திரவமாக இருந்து மெல்ல ஓடுகிறது. இதை மேலும் ஆராய, ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து 2018இல் பெபிகொலம்போ விண்கலத்தை அனுப்பின.

அப்படியானால் சுழற்சி?

சுழற்சிக்கும் வேலை உண்டு. திரவத்தின் தாறுமாறான ஓட்டத்தை ஒழுங்குபடுத்தி, சுருள் சுருளாக ஓட வைப்பது அதுதான். ஆனால் வெள்ளியின் சுழற்சி அதற்குப் போதாதா? நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பூமியின் கருவில் இரும்பு ஓராண்டில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நகர்கிறது. அதாவது உட்லண்ட்ஸிலிருந்து ஹார்பர்ஃபிரண்ட் செல்லும் தூரத்தைக் கடக்க அதற்கு ஓராண்டு ஆகும். வெள்ளியின் கருவிலும் அதே வேகம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி ஒருமுறை சுழலும் 243 நாள்களில் இரும்பு சுமார் 13 கிலோமீட்டர் நகரும். கருவின் ஆரம் 3,000 கிலோமீட்டர் என்று கொண்டால், அதைக் கடப்பதற்குள் வெள்ளி 200 முறைக்கும் மேல் சுழன்றுவிடும். நமக்கு மெதுவாகத் தோன்றும் சுழற்சி, ஊர்ந்து செல்லும் இரும்புக்கு வேகமானதுதான். வெள்ளியிடம் இல்லாதது சுழற்சி அல்ல, கருவில் ஓட்டம்.

நான் வகுப்பில் சொன்ன விளக்கம் இந்த ஒரு கணக்கில் விழுந்துவிட்டது. பெருக்கலும் வகுத்தலும் மட்டும் தெரிந்தால் போதும். எந்த உயர்நிலை மாணவரும் இதைப் போட்டிருக்கலாம்.

இதனால் நமக்கு என்ன?

தமிழ்நாட்டில் ஊட்டியில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் மியூவான் துகள்களை அது எண்ணுகிறது. 2015 ஜூன் 22ஆம் தேதி அந்த எண்ணிக்கை திடீரென உயர்ந்து, சுமார் இரண்டு மணி நேரம் நீடித்தது. சூரியனிலிருந்து வெடித்துக் கிளம்பிய காந்த மேகம் ஒன்று பூமியின் காந்தப்புலத்தை மோதிச் சற்று நேரம் பலவீனப்படுத்தியதே காரணம் என்று ஆய்வாளர்கள் 2016இல் அறிவித்தனர். தலைக்குமேல் இருக்கும் இந்தத் தடுப்பு எப்போதும் வேலை செய்துகொண்டிருப்பது, அது தளரும்போதுதான் நமக்குத் தெரிகிறது.

இங்கேயும் ஓர் எச்சரிக்கை. “காந்தம் இல்லாவிட்டால் காற்றே இருக்காது” என்று சொல்வது மிகைப்படுத்தல். காந்தம் இல்லாத வெள்ளியின் மேற்பரப்பில் காற்றழுத்தம் பூமியைப் போல் 90 மடங்குக்கும் மேல். செவ்வாய் தன் காற்றின் பெரும்பகுதியை இழந்ததற்கு அதன் குறைந்த ஈர்ப்பு விசையும் முக்கியக் காரணம். ஒற்றை வரி விளக்கங்களை நம்பி ஒருமுறை மாட்டிக்கொண்டவள் என்பதால் இதைச் சொல்கிறேன்.

மீண்டும் சனிக்கிழமை

அடுத்த வாரம் வகுப்புக்கு இரண்டு கண்ணாடிக் குவளைகளோடு போனேன். இரண்டிலும் வெந்நீர். ஒன்றைத் திறந்து வைத்தேன். மற்றொன்றை மூடி, துண்டால் சுற்றினேன். சிறிது நேரம் கழித்து இரண்டிலும் ஒரு சொட்டு உணவு நிறமி விட்டோம். திறந்த குவளையில் நிறம் சுருண்டு சுருண்டு பரவியது. துண்டை விலக்கி மற்றதைப் பார்த்தபோது அசைவு மந்தமாக இருந்தது.

“போன வாரம் நான் சொன்ன பதில் தப்பு. கேள்விதான் சரி,” என்று அந்த மாணவியின் பக்கம் பார்த்துச் சொன்னேன். சொல்வதற்கு முன்பு கடினமாக இருந்தது. சொன்ன பிறகு ஒன்றும் ஆகவில்லை. யாரும் சிரிக்கவில்லை. ஒரு மாணவர் மட்டும், “அப்ப அதை நோட்டுல அடிச்சிடலாமா அக்கா?” என்று கேட்டார்.

பிறகு எல்லாரும் கைப்பேசிகளை எடுத்தோம். பெரும்பாலான கைப்பேசிகளில் காந்தப்புலத்தை அளக்கும் உணர்கருவி இருக்கிறது. அதைக் காட்டும் இலவசச் செயலிகளும் கிடைக்கின்றன. வகுப்பறையின் இரும்பு அலமாரி அருகே எண்கள் தாறுமாறாக ஏறின. இரும்பு இல்லாத திறந்தவெளிக்குப் போனபோது 42 மைக்ரோடெஸ்லாவை ஒட்டி நின்றன. சிங்கப்பூரில் பூமியின் காந்தப்புலம் ஏறக்குறைய அவ்வளவுதான். நீங்களும் செய்து பாருங்கள். உங்கள் கைப்பேசியில் தெரியும் அந்த எண், 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் ஓடும் இரும்பிலிருந்து வருகிறது.

படியிறங்கும்போது அந்த மாணவி என் அருகே வந்தார்.

“அக்கா, பூமி வெப்பத்தை இழந்துக்கிட்டே இருக்குன்னா, ஒரு நாள் நம்ம டைனமோவும் நின்னுடுமா?”

இந்த முறை நான் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. “தெரியல மா. அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிஞ்சதும் விக்டோரியா ஸ்திரீட் நூலகத்துக்குப் போய்த் தேடுவோமா?” என்றேன்.

அவர் குறிப்பேட்டைத் திறந்து கேள்வியை எழுதிக்கொண்டார். பென்சிலால் அல்ல, பேனாவால்.